முதல் சுற்றைப் பின்னால் சுற்றியவர்

செல்லையா போய்விட்டார் என்ற செய்தி எனக்கு வந்தபோது பகல் பன்னிரண்டு மணி இருக்கும். அவருடைய தாராவிப் பட்டறையில் லேத் ஓட்டும் மாடசாமி எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்து, என் வரைபலகைக்கு எதிரே தோள் துண்டைக் கையில் எடுத்துப் பிடித்தபடி நின்றார்.  நான் பேனாவை மூடி வைத்தேன்.

"காலம்பற அடங்கிட்டாரு, சாமி. வீட்டுக்குக் கொண்டாந்தாச்சு," என்றார். படி இறங்கப் போனவர் திரும்பி நின்று, "அங்க வந்து கேட்டு நீங்க வருத்தப்படக் கூடாதுன்னு இப்பமே சொல்லிருதேன். எல்லாரும் அந்தப் பங்காவத்தான் பேசுதாவ," என்றார்.

அவர் சொன்னபடியேதான் இருந்தது. செல்லையாவைக் கிடத்தியிருந்த அறையின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் காதில் விழுந்தது. "அன்னைக்கு முதல் சுத்த பின்னால சுத்துனாருல்லா, அதான் ஆளக் கூட்டிட்டுப் போயிட்டு." சொன்னவர் யார் என்று எழுதப்போவதில்லை. இந்தச் சங்க மலரை வாசிப்பவர்களில் அவரும் ஒருவர். அவர் மட்டும் என்ன, தாராவியில் பாதிப் பேரும் மாதுங்காவில் கால்வாசிப் பேரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். படகின் அடியில் சுற்றுகிற அந்தப் பங்காவுக்கு முதலில் படம் போட்டவன் நான். ஆகவே நடந்ததைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. நடந்ததில் எனக்கே விளங்காத இடங்கள் உண்டு. அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

செல்லையாவை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் பம்பாய்க்கு வந்தவர். துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்து, பிறகு தாராவியில் சொந்தப் பட்டறை போட்டார். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், வெண்கலம் உருக்கி வார்க்க ஒரு குழி. எனக்கும் அவருக்கும் ஒரே வயது. நான் கப்பல் ரிப்பேர் கம்பெனி ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன். நான் காகிதத்தில் போடுவதை அவர் உலோகத்தில் செய்வார். செய்யும்போதே என் காகிதத்தைக் குறை சொல்வார். பதினாறு வருஷம் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே சிநேகமாக இருந்தோம்.

மெஷினில் கோளாறு என்றால் அவர் முதலில் ஸ்பானரை எடுக்கமாட்டார். ஒரு முழ நீளக் குச்சியின் ஒரு முனையை மெஷினில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். ஒரு தடவை எங்கள் மாதுங்கா வீட்டு மின்விசிறி முனகுகிறது என்று அவரைக் கூப்பிட்டிருந்தேன். நாற்காலி மேல் ஏறி, குச்சியை வைத்து வெகுநேரம் கேட்டார். "பேரிங்கு நல்லாத்தான் இருக்கு, சாமி. மாடி வீட்டுப் பெரியவருக்குத்தான் நெஞ்சு சரியில்ல. யாராவது பாக்கச் சொல்லுங்க," என்று இறங்கினார். நான் சிரித்தேன். மறு வாரம் மாடி வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு அந்த விசிறியைப் போடவே என் மனைவிக்குப் பயம். "டாக்டரு நாடி பாக்காரு, நான் நடுக்கம் பாக்கேன். ரெண்டும் ஒரே வேலதான்," என்பார் செல்லையா.

பம்பாயில் டிராமை நிறுத்திய வருஷம் அது. ஒரு பார்சி டாக்டர் என்னைத் தேடி வந்தார். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அவரும் தம்பியுமாக ஒரு பாய்மரப் படகு வாங்கியிருந்தார்கள். உள்ளே படுக்கவும் சமைக்கவும் இடமுள்ள, வாரக்கணக்கில் கடலில் போகக்கூடிய படகு. காற்று இல்லாத வேளைக்கு ஒரு சின்ன எஞ்சினும் உண்டு. தம்பி முந்தின வருஷம் கடலில் தவறிப்போனார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். டாக்டருக்கு வேறு குடும்பம் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் தனியாகக் கொச்சி வரை போகப்போவதாகச் சொன்னார்.

அவருக்குப் பிரச்சினை புரோப்பல்லர். துறைமுகத்து ஆட்கள் அதைப் பங்கா என்பார்கள். பாய் விரித்து ஓடும்போது எஞ்சினுக்கு வேலை இல்லை. ஆனால் தண்ணீருக்குள் இருக்கிற மூன்று இதழ்ப் பங்கா படகைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். போதாததற்கு, ஓடுகிற தண்ணீர் அதைச் சுற்றிவிடும். அதோடு, எஞ்சினிலிருந்து பங்காவுக்குப் போகும் உருட்டுக் கம்பியான ஷாஃப்டும் சேர்ந்து சுற்றும். கியரில் போட்டு நிறுத்திப் பார்த்தாராம். தேய்ந்துபோன கியர், பிடிக்கவில்லை.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று மடங்கும் பங்கா: எஞ்சின் நின்றதும் இரண்டு இதழும் குடையை மடக்கினதுபோலப் பின்னால் மடங்கிக்கொள்ளும். மற்றது திரும்பும் பங்கா: இதழ்கள் மடங்காது, ஒவ்வொன்றும் தன் காம்பிலேயே திரும்பி விளிம்பைத் தண்ணீருக்குக் காட்டி நிற்கும். பனையோலை விசிறியை விளிம்புவாட்டில் வீசினால் காற்று வராதே, அப்படி. இரண்டுமே வெளிநாட்டுச் சரக்கு. இறக்குமதி லைசென்ஸ் குதிரைக்கொம்பாக இருந்த காலம். "நீங்கள் படம் போடுங்கள், இங்கேயே யாராவது செய்யட்டும். மடங்குகிறதுதான் எனக்கு வேண்டும்," என்றார் டாக்டர். எனக்கும் அதுதான் பிடித்தது. இரண்டு இதழ், ஒரு முளை, அவ்வளவுதான். திரும்பும் பங்காவுக்கோ நடுக்குடத்துக்குள் பல்சக்கரம் வைக்க வேண்டும். கெட்டால் கடலில் வைத்து யார் பிரிப்பது?

அளவு எடுக்க நானும் செல்லையாவும் போனோம். கேட்வேக்கு எதிரே கடலில் படகு கட்டிக் கிடந்தது. எங்களைச் சிறு தோணியில் கொண்டுபோய் விட்ட, மீன்பிடிக்கும் கோலிக்காரர் தான் மட்டும் மேலே ஏறமாட்டேன் என்றார். உச்சி வெயில். காற்றே இல்லை. எஞ்சின் பல நாளாக ஓடவில்லை, தொட்டால் சில்லென்று இருந்தது. ஆனால் உள்ளே இறங்கியதும் தரைப் பலகைக்குக் கீழே சத்தம் கேட்டது. தொப், தொப் என்று, ஈரக் காலோடு யாரோ ஒருவர் நிதானமாக நடப்பதுபோல. பலகையைத் தூக்கிப் பார்த்தேன். வடிகிற கடல் பங்காவைத் தள்ள, ஷாஃப்ட் தானாக மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. காரணம் கண்ணெதிரே தெரிந்தும் நான் ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

டாக்டர் படுக்கைப் பலகையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அதையே கேட்டுக்கொண்டிருந்தார். "கட்டிக் கிடக்கும்போது நடை மாதிரி இருக்கும். பாயில் ஓடும்போது பேச்சு மாதிரி இருக்கும். இது நின்றால் போதும்," என்றார். செல்லையா ஷாஃப்டில் குச்சியை வைத்தார். எடுக்க வெகுநேரம் ஆயிற்று. எடுத்தபோது அவர் முகத்தில் வேர்வை கொட்டியது. என்ன கேட்டது என்று அவர் சொல்லவில்லை.

ரயிலில் செல்லையா என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு, "சாமி, அவரு உங்ககிட்ட என்னென்ன கேள்வி கேட்டாரு?" என்றார். எடை என்ன, எத்தனை நாளில் ஆகும், சத்தம் நிற்குமா, எஞ்சினே இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம், இவைதான் என்றேன்.

"பின்னால எப்பிடிப் போவும்னு கேட்டாரா?"

"இல்லை."

"பங்கா வாங்குத எல்லாவனும் அதத்தான சாமி முதல்ல கேப்பான்? கரையில கொண்டாந்து ஒட்டணும்லா? நிறுத்தணும்லா?"

அப்புறம்தான் கோலிக்காரர் அவரிடம் சொன்னதைச் சொன்னார். அந்தப் படகில் முதலில் இருந்தது மடங்கும் பங்காதான். மடங்குகிறதைப் பின்னால் சுற்றினால், விரிவதற்குப் பதில் மடங்கவே பார்க்கும். படகைப் பிடித்து நிறுத்த அதற்கு வலு போதாது. அலையே இல்லாத ஒரு பகலில் தம்பி தவறி விழுந்திருக்கிறார். டாக்டர் எஞ்சினைப் போட்டு அவரிடம் வந்துவிட்டார். கைக்கு எட்டும் தூரம். ரிவர்ஸ் போட்டார். படகு நிற்கவில்லை, தம்பியைத் தாண்டிப் போய்விட்டது. சுற்றிக்கொண்டு வந்தபோது வெறும் தண்ணீர்தான் இருந்தது. அந்தப் பங்காவைக் கழற்றி எறிந்துவிட்டு, மீன்பிடிப் படகின் மூன்று இதழ்ப் பங்காவை மாட்டியவரும் டாக்டரேதான்.

"இப்பம் மறுபடியும் மடங்குததயே கேக்காரு. திரும்பி வார எண்ணம் உள்ளவன் அதக் கேப்பானா, சாமி?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "நீர் டாக்டருக்கே டாக்டரா? கேட்டதைச் செய்து கொடும் ஓய்," என்றேன். அந்த வாரமே மடங்கும் பங்காவின் படத்தை அவர் கையில் கொடுத்தேன். "சரி, சாமி," என்று வாங்கிக்கொண்டார். அவர் அவ்வளவு சாதுவாகப் பேசினால் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் படவில்லை.

ஏழு வாரம் கழித்து, வேலை முடிந்தது என்று ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் மேசையில் இருந்தது திரும்பும் பங்கா. நடுக்குடம், அதற்குள் பல்சக்கரம், எல்லாம் அவரே வார்த்து, பல் பல்லாக அரம் போட்டுச் செய்தது. "உம்மை யார் இதைச் செய்யச் சொன்னது?" என்று கத்தினேன். "உங்க படம் பத்திரமா இருக்கு, சாமி. ஒரு சொட்டு எண்ணெ படல," என்றார்.

அவர் பட்டறை வழக்கம் உங்களுக்குத் தெரியும். புதிதாகச் செய்த எதையும் வெளியே அனுப்பும் முன் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, கையால் ஒரு சுற்று முன்பக்கமாகச் சுற்றுவார்கள். முதல் சுற்றைப் பின்னால் சுற்றினால் சுற்றியவனுக்கு ஆகாது என்பார்கள். அவர் மனைவி முத்தம்மாள் கற்பூரத் தட்டோடு நின்றார். மாடசாமியும் மற்றவர்களும் கைகூப்பி நின்றார்கள். செல்லையா, சோதனைக்காக அதில் மாட்டியிருந்த ஷாஃப்டைப் பிடித்து, பின்பக்கமாகச் சுற்றினார். மூன்று இதழும் 'டக்'கென்று ஒருசேரப் புரண்டு மறுபக்கம் திரும்பி நின்றன.

முத்தம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "என்ன காரியம் செஞ்சிய," என்றார். 

"இதோட வேலையே பின்னால வாரதுதான், முத்து. முன்னால போவ எல்லாத்துக்கும் தெரியும்," என்றார் செல்லையா. பிறகு தணிந்த குரலில், "ஏதாவது வந்து உசிரக் கேட்டுச்சுன்னா எங்கிட்ட கேக்கட்டும். டாக்டரு ஏற்கெனவே ஒரு ஆளக் குடுத்துட்டாரு," என்றார்.

பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டிலிருந்த கற்பூரச் சுடர் அவர் நின்ற பக்கமாகச் சாய்ந்து, அப்படியே நின்று, அணைந்தது. கதவு இடுக்கில் காற்று வந்திருக்கலாம். தேங்காயை உடைக்க யாரும் முன்வரவில்லை. செல்லையா அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அன்று அங்கே நின்றவர்கள்தான் சாவு வீட்டு வாசலில் பேசியவர்கள். நீங்கள் பார்த்தது அதுவரைக்கும்தான். அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்த்தேன்.

நீர் வற்றிய நேரத்தில் படகைக் கரையில் சாய்த்துப் பங்காவை மாட்டினோம். டாக்டர் குனிந்து பார்த்தார். "நான் கேட்டது இது இல்லை," என்றார். "சத்தம் போடாது, சேட்," என்றார் செல்லையா தன் தாராவி இந்தியில். டாக்டர் ஓர் இதழைத் தடவிப் பார்த்து நிமிர்ந்தார்.

சோதித்துப் பார்க்க மூன்று பேரும் போனோம். அன்றும் நல்ல பகல். லேசான காற்று. துறைமுக வாய் தாண்டி ஒரு இடத்தை நோக்கி டாக்டர் படகைத் திருப்பினார். எந்த இடம் என்று நாங்கள் கேட்கவில்லை. எஞ்சினை நிறுத்தினார். பாயில் ஓடினோம். கீழே ஒரு சத்தமும் இல்லை. நான் பலகையைத் தூக்கி ஷாஃப்டில் கை வைத்தேன். அசைவே இல்லை. என் படத்தை ஒதுக்கிய கோபம்கூட ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று.

டாக்டரின் முகம் வெளுத்திருந்தது. "இன்னும் கேட்கிறது," என்றார்.

 சத்தத்துக்குப் பங்கா மாற்றலாம். சத்தமே இல்லாத இடத்தில் கேட்டால் எதை மாற்றுவது? செல்லையா பதறாமல் உள்ளே இறங்கி, நின்றுபோன அந்த ஷாஃப்டில் குச்சியை வைத்துக் காதைக் கொடுத்தார். வெகுநேரம் கேட்டார். எழுந்து வந்து, "ஆவாஸ் ஆதா ஹை, சேட். லேகின் குஜராத்தி மே ஹை. அப்னே கோ சமஜ்தா நஹி," என்றார். கேட்கிறது, ஆனால் குஜராத்தியில் இருக்கிறது, எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

கேலி செய்கிறாரோ என்று நான் முறைத்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. டாக்டர் அவரையே பார்த்தார். பிறகு அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அது முடிவதற்குள் செல்லையா பையிலிருந்து தேங்காயை எடுத்துக் கடலில் வீசினார். "பகடோ, சேட்," என்றார், பிடியுங்கள் என்று.

டாக்டரின் கைகள் தாமாகவே வேலை செய்தன. என்னைப் பாயை இறக்கச் சொன்னார். நான் கயிற்றில் சிக்கிக்கொண்டு எப்படியோ இறக்கினேன். எஞ்சினைப் போட்டு, ஒரு வட்டம் அடித்து, தேங்காய்க்கு நேரே வந்தார். ரிவர்ஸ் போட்டார். கீழே 'டக்'கென்று இதழ்கள் புரண்டன. படகு ஒரு நடுக்கம் நடுங்கி, நின்றது. தேங்காய் அவர் கைக்குக் கீழே மிதந்தது. அவர் அதை எடுக்கவில்லை. அது அங்கேயே இருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் குனிந்து எடுத்தார்.

எடுத்ததை அவரே மறுபடி வீசினார். மறுபடி வந்தார், நிறுத்தினார், எடுத்தார். மறுபடி வீசினார். பதினொன்று வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ணவில்லை. வெயில் சாய்ந்தது. அவருடைய வலக்கைச் சட்டை தோள் வரை நனைந்திருந்தது. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் குஜராத்தியில் ஏதோ சொன்னார். எனக்கும் குஜராத்தி தெரியாது. ஆனால் அழுகை வந்தது, அழுதேன்.

கடைசித் தடவை எஞ்சினை நிறுத்திவிட்டு, தேங்காயை மடியில் வைத்து உட்கார்ந்தார். பாய் இறக்கியிருந்தது. நீரோட்டமும் நின்றிருந்த வேளை. படகு அசையாமல் கிடந்தது. திறந்திருந்த பலகைக்குக் கீழே ஷாஃப்ட் சுற்றியது. அரைச் சுற்று, பின்பக்கமாக. பிறகு நின்றது. மூன்று பேரும் பார்த்தோம். எஞ்சினில் அடைபட்ட காற்று தள்ளியிருக்கும் என்று பின்னால் ஓர் இன்ஜினியர் எனக்கு விளக்கினார். கியர் விடுபட்டிருந்ததே என்றேன். பேச்சை மாற்றினார். நான் குச்சியை எடுத்து நீட்டினேன். செல்லையா வாங்கவில்லை. "விடுங்க, சாமி. அது நமக்குள்ளது இல்ல," என்றார்.

கரைக்கு வரும் வழியில் டாக்டர் என்னிடம், "கொச்சியிலிருந்து திரும்பும்போது காற்று எதிராக இருக்குமே. எஞ்சினிலேயே வருவதானால் எவ்வளவு டீசல் பிடிக்கும்?" என்று கேட்டார். செல்லையா எனக்கு மட்டும் தெரியும்படி தலையசைத்தார். டாக்டர் போனார், திரும்பியும் வந்தார். சாவு வீட்டில் கூட்டத்துக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பார்சிக்காரர் யார் என்று என்னிடம் கேட்டீர்களே, அவர்தான். செல்லையாவை வாரிக்கொண்டது ஈரல் நோய் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கிறது. வேறு ஏதாவது வந்து கேட்டதா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால், தெரிந்தேதான் கொடுத்தார். அதைக் குற்றம்போலப் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆஸ்பத்திரியில். கண் மஞ்சளாகி, ஆள் பாதியாக இருந்தார். ஆனாலும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். லேத் பெல்ட்டை மாடசாமி மாற்றினானா, என் மகளுக்குப் பரீட்சை எப்படி, ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா, மாதுங்காவில் மழை உண்டா. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தினேன். வீட்டுக்கு எப்போது விடுவார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. நோயாளிகள் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான்.

"எப்போ வீட்டுக்கு வர்றீர், செல்லையா?" என்று நானே கேட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டதாகத்தான் நினைத்தேன்.

அவர் என்னையே பார்த்தார். "கத்துக்கிட்டியளே, சாமி," என்றார். பிறகு, கூட்டம் ஏறுமுன் ரயிலைப் பிடிக்கச் சொன்னார்.

எதிரே இருப்பவர் கேட்காமல் விடுகிற கேள்வி இப்போது என் காதில் விழுகிறது. பதினாறு வருஷச் சிநேகத்தில் செல்லையா என்னிடம் விட்டுப்போனது அதுதான். முதன்முதலாக அது விழுந்தது அவரிடமிருந்தே என்பதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.